தொர்தோனிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

அங்கே எல்லாரும் சுகம்தானே? நாங்கள் நல்ல சுகம். பாரிஸில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு ஏன் காட்டுக்குள் போய்க் கடை வாங்கினாய் என்று கேட்டீர்கள். ஃபோனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதுதான் எழுதுகிறேன்.

காடு இல்லை அக்கா, தொர்தோன் மாவட்டத்தில் ஒரு கிராமம், பாரிஸிலிருந்து தெற்கே 500 கிலோமீட்டர் வரும். சுற்றிவர வால்நட் தோப்புகளும் வாத்துப் பண்ணைகளும்தான். 1940இல் கண்டுபிடித்த லாஸ்கோ குகை ஓவியங்கள் இந்தப் பக்கம்தான் (உண்மைக் குகையை 1963இலேயே மூடிவிட்டார்கள், இப்போது ஆட்கள் பார்ப்பது அச்சொட்டாகச் செய்த பிரதியை), அதற்கும் ஆற்றில் வள்ளம் விடுவதற்கும் கோடையில் சனம் குவியும். ஒரே வளவில் முன்னால் சாப்பாட்டுக்கடை, பின்னால் பழைய கல்வீடு. வீட்டைக் கிழமைக் கணக்கில் வாடகைக்கு விடுகிறோம். சனி பின்னேரம் வருகிறவர்கள் அடுத்த சனி காலை போவார்கள், இடையிலுள்ள சில மணித்தியாலத்துக்குள் உங்கள் மச்சாள் வீடு முழுக்கத் துடைத்துக் கட்டில் விரிப்பெல்லாம் மாற்றிவிடுவாள்.

ஆனால் கல்வீட்டை நம்பி நாங்கள் வாங்கவில்லை. ஜூலை, ஆகஸ்ட் நிறையும், குளிர் வந்தால் ஒரு குஞ்சும் வராது. வருஷம் முழுக்கக் கடன் கட்டுவது மத்தியானச் சாப்பாடுதான். பன்னிரண்டு மணிக்கு மேசன்மார், கரண்ட் வேலைக்காரர், லொறிக்காரர் எல்லாரும் ஒன்றாக வந்து இருப்பார்கள். முதலில் சூப், பிறகு இறைச்சி, சீஸ், இனிப்பு. வயதான சிலர் சூப் முடிகிற நேரம் அடியில் கொஞ்சம் சிவப்பு வைன் ஊற்றிக் கலக்கி, கோப்பையைத் தூக்கி அப்படியே குடித்துவிடுவார்கள், இந்தப் பக்கத்துப் பழக்கம் அது. கடையை விற்றவர்களுக்கு வயது போய்விட்டது, பிள்ளைகளுக்கு இதில் விருப்பமில்லை. கிராமத்தில் இருக்கிற ஒரே கடை பூட்டுப்பட்டுவிடும் என்று மேயரே வந்து எங்களோடு கதைத்தார்.

அத்தான் காசைப்பற்றிப் பயப்படுகிறாராம். அவருக்குச் சொல்லுங்கள், கையெழுத்து வைக்க முதல் மூன்று வருஷக் கணக்கை வாங்கி வரி வரியாகப் பார்த்தோம். இங்கே கட்டடம் வேறு, வியாபாரம் வேறு, இரண்டுக்கும் தனித்தனி விலை. வியாபாரத்துக்குக் கொடுத்த காசு விற்றவர் கைக்கு உடனே போகாது, அவருக்கு வரிப் பாக்கி, கடன் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து முடியும்வரை சில மாதம் பிடித்து வைத்திருப்பார்கள், வாங்குகிறவனுக்கு அது பெரிய பாதுகாப்பு. நொத்தாரிசு செலவு, அதில் பெரும்பகுதி வரிதான், கட்டட விலையில் 7, 8 வீதம் வரும். வீட்டு மலக்குழி சட்டப்படி இல்லையென்றால் வாங்கிய ஒரு வருஷத்துக்குள் நாங்கள்தான் திருத்தவேண்டும், அதனால் விலையில் அதைக் கழித்துத்தான் பேசினோம். மது விற்க 20 மணித்தியாலப் படிப்பு, சமையல் சுத்தத்துக்கு 14 மணித்தியாலம், இரண்டும் படித்துச் சான்றிதழ் எடுத்தாயிற்று.

கடையோடு அங்கே வேலை செய்த அம்மாவும் சட்டப்படி எங்களிடம் வந்துவிட்டார். அது எங்கள் அதிர்ஷ்டம். வாத்துக்காலை அதன் கொழுப்பிலேயே மெல்லிய நெருப்பில் மணிக்கணக்காகக் கிடக்கவிடுகிற பக்குவத்தை அவர்தான் எனக்குக் காட்டித்தந்தார். பாரிஸில் இருந்த லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவும் எங்கட சனமும் இங்கே இல்லாதது மச்சாளுக்குக் கஷ்டம்தான், மறைக்கமாட்டேன். ஆனால் அக்கா, கோப்பை கழுவத் தொடங்கிய நாளிலிருந்து மற்றவனுடைய குசினியில்தான் நின்றேன். இப்போது என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு அடுப்பை அணைப்பது என்பதை நான் முடிவு செய்கிறேன். எனக்கு அது போதும்.

செப்டம்பர் கடைசியில் வாருங்கள், வால்நட் விழுகிற காலம், வீடும் சும்மா இருக்கும். உங்கள் இரண்டு பேருடைய பாஸ்போர்ட் பிரதியையும் அனுப்பிவிடுங்கள், விசாவுக்கு வேண்டிய அழைப்புப் பத்திரத்தை மேயர் கந்தோரில் நான்தான் எடுக்கவேண்டும். பிந்தாமல் அனுப்புங்கள்.

அன்புத் தம்பி