அரை டிக்கெட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, கோயிலுக்கு நடந்தே போய் வருகிறாள்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெர்லினில் உன் வீட்டு வாசல் நடைபாதையில், ஹிட்லர் ஆட்சியில் பலியானவர் நினைவாகப் பதித்திருக்கும் அந்தப் பித்தளைக் கல். கறுத்துப் போயிருந்தாலும் எழுத்து தெரிகிறது. ‘இங்கே வாழ்ந்தாள்’ என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த வருடம் 1937, நாடு கடத்தியது 1943, கொன்ற இடம் ஆஷ்விட்ஸ் என்ற கொலை முகாம். பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்குள் ஒரு குழந்தையின் ஆயுசு முடிந்துவிடுகிறது.

"அறுபது லட்சம் யூதர்களை எப்படிப்பா கொல்ல முடிந்தது? அத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்தது?" என்று போனில் கேட்டாய். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் நூலகத்தில் இருந்த புத்தகங்களை எடுத்துப் படித்தேன். வெறி பிடித்த கூட்டத்தைப் பற்றிப் படிக்கப்போகிறோம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் வந்ததெல்லாம் முப்பத்திரண்டு வருடம் தாலுகா ஆபீசில் நான் கையாண்ட சாமான்கள்: படிவம், பட்டியல், ரப்பர் ஸ்டாம்ப்.

ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரியில். ஏப்ரலிலேயே யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கச் சட்டம் வந்துவிட்டது. 1935-இல் குடியுரிமை போயிற்று. 1938-இல் பாஸ்போர்ட்டில், யூதர் என்று காட்ட, சிவப்பாக ஒரு ‘ஜே’ முத்திரை. அடுத்த ஜனவரியிலிருந்து, பார்த்ததும் யூதப் பெயர் என்று தெரியாத பெயர் கொண்ட யூதர்கள் எல்லாரும் ஆணானால் ‘இஸ்ரேல்’, பெண்ணானால் ‘சாரா’ என்று தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 1939 மே 17 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு தனி அட்டை கொடுத்து, தாத்தா பாட்டி நால்வரும் யூதரா என்று எழுதி வாங்கினார்கள். நானும் 1991-இலும் 2001-இலும் கணக்கெடுக்கப் போயிருக்கிறேன். திண்ணையில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொல்வார்கள். அந்த நம்பிக்கையை நினைத்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

நாடு கடத்தும் முன் ஒவ்வொருவரும் 16 பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். வீட்டில் எத்தனை நாற்காலி, எத்தனை போர்வை, எத்தனை கரண்டி. எழுதி முடித்ததும் அத்தனையும் அரசாங்கத்துக்கு. ரயில்வேயும் சும்மா ஏற்றிக்கொண்டு போகவில்லை பாப்பா. ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 4 ஃபெனிக் (நம் பைசா மாதிரி ஜெர்மன் சில்லறைக் காசு), மூன்றாம் வகுப்புக் கட்டணம். பத்து வயதுக்குக் கீழே பாதி, நாலு வயதுக்குக் கீழே இலவசம். நானூறு பேருக்கு மேல் என்றால் குழுச் சலுகை வேறு. காவலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் திரும்பி வரவும் டிக்கெட்.

உன் வாசல் கல்லில் இருக்கும் பிள்ளைக்கு ஆறு வயதுகூட முடிந்திருக்குமோ என்னவோ. அரை டிக்கெட். உனக்குப் பன்னிரண்டு முடிந்த பிறகும் "பதினொண்ணுதான் சார்" என்று கண்டக்டரிடம் சொல்லி உனக்கு அரை டிக்கெட் வாங்கியவன் நான். அங்கே யாரோ ஒரு கிளார்க், குழந்தைகளைத் தனியாக எண்ணி, பாதிக் கட்டணம் போட்டு, கூட்டல் சரிபார்த்துக் கையெழுத்து போட்டிருக்கிறான்.

யூதர்கள் மட்டுமல்ல. மனநிலை சரியில்லாதவர்கள், கைகால் விளங்காதவர்கள் என்று 1941 ஆகஸ்டுக்குள் எழுபதாயிரம் பேருக்கு மேல் விஷவாயுவில் கொன்றார்கள். நோயாளியைப் பார்க்காமலே டாக்டர்கள் படிவத்தில் சிவப்பில் கூட்டல் குறி போட்டால் சாவு. ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்களையும் விடவில்லை. அவர்களின் மூதாதையர் நம் நாட்டிலிருந்து போனவர்கள். அவர்கள் மொழியில் தண்ணீருக்கு இன்றும் ‘பானி’தான். 1936 ஒலிம்பிக்ஸுக்கு முன்னால் பெர்லினில் இருந்த ரோமாக்களைப் பிடித்து, நகரின் ஓரத்தில் மார்ட்ஸான் என்ற இடத்தில் ஒரு முகாமில் அடைத்தார்கள். 1944 ஆகஸ்ட் 2 இரவு, ஆஷ்விட்ஸ் முகாமின் பகுதியான பிர்கெனாவில் மிச்சமிருந்த சுமார் 4,300 ரோமாக்களையும் கொன்றார்கள். நடந்தது இனப்படுகொலைதான் என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொள்ள 1982 ஆயிற்று.

தடுக்க ஆளே இல்லையா என்றும் கேட்டாய். இருந்தார்கள், மிகக் குறைவு. அவர்களில் என் மனசில் உட்கார்ந்துவிட்டவர் பால் குருனிங்கர், சுவிட்சர்லாந்தில் சாங்க்ட் காலன் பகுதியின் போலீஸ் அதிகாரி. 1938 ஆகஸ்டில் அந்த நாடு எல்லையை மூடியது. அதற்குப் பிறகு தப்பி வந்தவர்களுக்கு, மூடுவதற்கு முன்பே வந்துவிட்டதாக இவர் முன்தேதி போட்டுக் கொடுத்தார். நூற்றுக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. 1939-இல் வேலை போயிற்று, பென்ஷனும் போயிற்று, ஆவணத்தைத் திருத்தியதாகத் தண்டனையும் கிடைத்தது. 1972-இல் ஏழையாகவே இறந்தார். 1995-இல்தான் நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்றது.

முன்தேதி போடுவது பெரிய தப்பு என்று எத்தனை ஜூனியர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! நானோ, முதியோர் உதவித்தொகையை நிறுத்தச் சொல்லி மேலிருந்து வந்த ஒரு பட்டியலில், விசாரிக்காமல் வரிசையாக டிக் அடித்தவன். அதில் ஒரு பாட்டி மூன்று மாதம் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். அதையும் இதையும் ஒன்றாக வைத்துப் பேசவில்லை. ஆனாலும் அந்தப் பேனாவை எனக்குத் தெரியும் பாப்பா. அது கையில் எவ்வளவு லேசாக இருக்கும் என்றும் தெரியும்.

சரி, அந்தக் கல்லை அக்கம்பக்கத்தார் சில சமயம் துடைப்பார்கள் என்றாயே. அம்மா இந்தப் பார்சலில் வத்தல், பருப்புப்பொடியோடு பழைய புளியும் தனியாகக் கட்டி வைத்திருக்கிறாள். கொஞ்சம் உப்பு சேர்த்து, எழுத்தின் இடுக்கெல்லாம் விரலால் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி, துணியால் ஒற்றி எடு. அப்புறம் ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா