சங்க அட்டை வாங்கலாமா, வேண்டாமா?

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். நேரே செய்திக்கு வருகிறேன். நம் ஊர்ப் பெரிய அரங்கத்தார் அடுத்த பருவத்துக்கு எனக்கு அமெரிக்க மேடை நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியின் ஒப்பந்தம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்திட்டால் சங்க உறுப்பினர் அட்டை வாங்கலாம். நம் நண்பர் சாமியார் கேள்விப்பட்டதும், "இனி உன்னைப் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டுமா?" என்றார். அவர் என்றைக்கு வாங்கினார் என்பதை நீயே சொல்.

மகிழ்ச்சிதான், ஆனால் தூக்கம் போய்விட்டது. 2021 ஜூலையில் சங்கம், மேடையில் சம்பளம் வாங்கி நடித்ததற்குச் சான்று காட்டினாலே சேரலாம் என்று கதவைத் திறந்தபோது நீ அவசரப்படுத்தினாய், நான் அசையவில்லை. சங்கத்துக்குள் போவதில் எனக்குச் சிரமம் இல்லை. போனபின் சங்க ஒப்பந்தம் இல்லாத மேடையில் ஏறக்கூடாது என்பதுதான் சிக்கல். வாரச் சம்பளத்தோடு ஓய்வூதியத்துக்கும் மருத்துவ நிதிக்கும் பங்கு கட்ட நம் சின்னக் குழுவுக்கு ஏது வழி? பெரிய அரங்குகளோ சங்க ஒப்பந்தங்களை எண்ணித்தான் தருகின்றன. அவற்றில் பாதிக்கு நியூயார்க்கில் ஆள் தேர்ந்துவிட்டு, மிச்ச வேடங்களுக்கு அட்டை இல்லாத உள்ளூர்க்காரர்களைக் கூப்பிடுகிறார்கள். அட்டை வாங்கிய மறுநாளே அந்த மிச்சத்திலும் எனக்கு இடமில்லை.

ஆனாலும் சங்கத்தைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. சென்ற பருவத்தில் சங்க ஒப்பந்தம் இல்லாத ஓரிடத்தில் தொழில்நுட்ப ஒத்திகை நள்ளிரவைத் தாண்டியது. கணுக்கால் வீங்கிய ஒரு பையனை விளக்கு சரியாக விழும்வரை அதே படியிலிருந்து மீண்டும் மீண்டும் குதிக்க வைத்தார்கள். சங்க ஒத்திகையில் 55 நிமிடத்துக்கு 5 நிமிடம், அல்லது 80 நிமிடத்துக்கு 10 நிமிடம் என்று மேடை மேலாளர் கடிகாரத்தைப் பார்த்து இடைவேளை விட்டே ஆகவேண்டும். சம்பளமில்லாமல் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துச் சலித்தவர்கள் 1919இல் வேலைநிறுத்தம் செய்து வாங்கிக் கொடுத்த உரிமைகளின் தொடர்ச்சி அது.

இருந்தாலும் லாஸ் ஏஞ்சலஸ் என்னை உறுத்துகிறது. 99 இருக்கைக்கு உட்பட்ட அரங்குகளில் சொற்பத் தொகைக்கு நடிக்கலாம் என்ற பழைய ஏற்பாட்டைச் சங்கம் மாற்ற முனைந்தபோது, 2015இல் நடந்த கருத்தறியும் வாக்கெடுப்பில் வாக்களித்த அவ்வூர் உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்தும், மாற்றம் வந்தே தீர்ந்தது. குறைந்தபட்ச ஊதியம் நியாயமே. ஆனால் கொடுக்க முடியாதவனிடம் கேட்டால் கிடைப்பது ஊதியம் அல்ல, பூட்டிய கதவு.

கையெழுத்திடவே நினைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. தன்னார்வக் குழுக்களும் கல்லூரிகளும் சங்க உறுப்பினரை அழைத்து நடிக்க வைக்கும் விருந்தினர் ஒப்பந்தம் இருக்கிறதல்லவா, அதை நம் குழுவால் ஆண்டுக்கு ஒரு நாடகத்துக்காவது தாங்க முடியுமா? நீ அதில் நடித்தவன். எவ்வளவு கேட்டார்கள், யார் படிவம் நிரப்பினார்கள் என்று விவரமாக எழுது. மாத இறுதிக்குள் பதில் கேட்கிறார்கள்.

அன்புடன்,
உன் பழைய விதூஷகன்