கை மாறினால் கோளாறு மாறிவிடுமா? கார் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

என் காரைத் தயாரித்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு,

வணக்கம். நீங்கள் கடைசியாக அனுப்பிய பதிலில் இரண்டே விஷயம்தான் இருந்தது: வண்டிக்கு வாரண்டி முடிந்துவிட்டது, நான் முதல் ஓனர் இல்லை. இரண்டும் எனக்குத் தெரியாததா என்ன? நான் கேட்டது வேறு. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் திடீரென்று கியர் விட்டுப்போய், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் உறுமி, பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது நடுரோட்டில் வண்டி இழுக்காமல் நின்றால், அது உங்கள் கணக்கில் வெறும் ரிப்பேரா, இல்லை பாதுகாப்புக் குறைபாடா? அதற்குப் பதில் வரவில்லை, அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

என் வண்டியின் கதை பழைய ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் பலருக்கும் தெரிந்ததுதான். கியர்பாக்ஸ் சூடானால் இழுவை போகும், அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். சர்வீஸ் சென்டர் வாசலுக்கு வந்ததும் பரம சாது ஆகிவிடும். "கோளாறு எதுவும் தென்படவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்கேனரில் பி0700 (P0700) என்ற எரர் கோடு (code) வந்ததைக் காட்டினால் அதை அழித்துவிட்டுச் சாவியை நீட்டுவார்கள். அந்தக் கோடு கோளாறின் பெயரே இல்லை, கியர்பாக்ஸை இயக்கும் கணினியான கன்ட்ரோலரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார் என்று சொல்லும் பொது அறிவிப்பு. உள்ளே இருக்கும் கோடைப் படிக்காமல் இதை மட்டும் அழிப்பதற்கு சர்வீஸ் என்று பில் வேறு. கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வான சோலினாய்டை மாற்றியாயிற்று, அது உட்காரும் வால்வ் பாடியையும் மாற்றியாயிற்று, அதே கோளாறு திரும்பி வருகிறது. போதாததற்கு ஏர்பேக் விளக்கும் எரிகிறது, அதாவது மோதினால் அது விரியும் என்று நம்ப முடியாது.

பழைய ஓனர் சரியாகப் பராமரிக்கவில்லை என்று போனில் சொன்னீர்கள். சரி, கையேட்டைத் திறந்து பார்த்தேன். கியர்பாக்ஸ் ஆயிலை வண்டியின் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். பல கார் கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமோ, தன்னுடைய கியர்பாக்ஸுகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அதிகபட்சம் 8 ஆண்டுகளுக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. நீங்கள் எழுதிய 'ஆயுள்' யாருடைய ஆயுள், வாரண்டியுடையதா?

வண்டி பழசு, அப்படித்தான் இருக்கும் என்பதையும் நான் ஏற்கவில்லை. பிரேக் பேடு தேயும், டயர் தேயும், கிளட்ச் பிளேட்டும் தேயும், அதெல்லாம் என் செலவுதான், அதற்கு உங்களிடம் வரப்போவதில்லை. ஆனால் சில குறைகள் வண்டி பழசானால்தான் தலைகாட்டும். ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பையை ஊதவைக்க அதில் வைத்திருந்த அமோனியம் நைட்ரேட் என்ற ரசாயனம் வருஷக்கணக்கில் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்து கெட்டுப்போனது, மோதலில் அந்த ரசாயனம் இருக்கும் உலோகக் குப்பியான இன்ஃப்ளேட்டர் வெடித்து உலோகத் துண்டுகள் ஆட்கள் மீது பாய்ந்தன. அமெரிக்காவில் மட்டும் கோடிக்கணக்கான ஏர்பேக்குகளை மாற்ற வேண்டியதாயிற்று. அப்போது நீ எத்தனையாவது ஓனர் என்று கேட்டு யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

கியர் பக்கமே வருவோம். 2022இல் ஃபோர்டு அமெரிக்காவில் ஏறக்குறைய 29 லட்சம் வண்டிகளைக் குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது, அதாவது ரீகால் செய்தது. காரணம், கியர் லீவரிலிருந்து வரும் கேபிளை கியர்பாக்ஸோடு பிடித்து வைக்கும் புஷ் (bush) என்ற ஒரு சின்ன வளையம். அது உடைந்து கழன்றால் லீவர் 'பி'யில் (பார்க்கிங்) நிற்கும், கியர்பாக்ஸ் வேறு கியரில் இருக்கும், ஹேண்ட்பிரேக் போடாமல் இறங்கினால் வண்டி தானாக உருளும். அதில் 2013 மாடல்களும் உண்டு. ஒன்பது வயது வண்டிக்கு அந்த புஷ்ஷை இலவசமாக மாற்றித்தர முடியும் என்றால், என் கடிதத்துக்கு வயதைக் காரணம் காட்டுவது எப்படி?

உங்கள் சர்வீஸ் சென்டரில் ஒருவர் "ஓட்டுகிற விதம் அப்படி" என்றும் சொன்னார். இதே பேச்சு ஆஸ்திரேலியாவில் கோர்ட் வரை போயிருக்கிறது. ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அதிருகிறது என்று புகார் சொன்னவர்களிடம் உங்கள் ஓட்டுதல்தான் காரணம் என்று சொல்லி வந்தது உட்பட, புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018இல் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. உங்கள் சட்டப் பிரிவு இதைக் கட்டாயம் படித்திருக்கும். கவுன்டரில் நிற்பவர்களுக்கும் யாராவது சொன்னால் நல்லது.

எனக்கு இலவசமாகப் புது கியர்பாக்ஸ் வேண்டாம். என் சேசிஸ் எண்ணுக்கு நிலுவையில் உள்ள ரீகால் ஏதாவது உண்டா, இந்த மாடல் கியர்பாக்ஸைப் பற்றி உங்கள் மெக்கானிக்குகளுக்கு நீங்கள் அனுப்பிய சர்வீஸ் குறிப்புகள் என்னென்ன, கன்ட்ரோலருக்குப் புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறதா, இவை எழுத்தில் வேண்டும். ரீகால் கடிதம் பழைய ஓனர் வீட்டு முகவரிக்குப் போய் அங்கேயே கிடந்தால் எனக்கு எப்படித் தெரியும்? வண்டி கை மாறினால் முகவரியைப் புதுப்பித்துக்கொள்ள வழி செய்யுங்கள். அப்புறம், இழுவை போகிறது என்று யார் வந்து சொன்னாலும், பதிவான கோடுகளை அச்செடுத்து அவர் கையில் கொடுக்காமல் அழிக்கக் கூடாது என்று உங்கள் சென்டர்களுக்கு உத்தரவு போடுங்கள்.

சேசிஸ் எண்ணும் பழைய பில்களும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. முதல் பத்தியில் கேட்ட கேள்விக்கு மட்டுமாவது, கையெழுத்துப் போட்ட பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் காரின் இரண்டாவது ஓனர்