பொரிக்குப் புல் தந்தவருக்கும் மற்ற எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் கினிப்பன்றி பொரி தானாகத் தின்னத் தொடங்கிவிட்டாள். விரித்த துணியில் சிவப்பு இல்லை. ஒண்ணுக்குப் போகும்போது கத்துவதும் நின்றுவிட்டது. ஆளாளுக்குப் போன் போட்டுச் சொல்லத்தான் ஆசை. ஆனால் சொல்ல வாயெடுத்தாலே தொண்டை அடைக்கிறது. எழுதினால் அது யாருக்கும் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்று திரும்பவும் விவரிக்கப் போவதில்லை. இதை வாசிப்பவர்களில் பாதிப் பேர் நேரங்கெட்ட நேரத்தில் என் அழுகையைக் கேட்டவர்கள். மீதிப் பேர் எங்கள் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். மூத்திரப்பையில் இருந்த கல் போய்விட்டது, தையல் காய்ந்துவிட்டது, பிள்ளை இருக்கிறாள். அது போதும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஆனால் முதலில் சொல்ல வேண்டியது எங்கள் தெருக்கோடியில் இரண்டு மாடு வைத்திருக்கும் மாமிக்கு. பெயரைப் போட விடவில்லை. "எனக்க பேரு எங்கயாவது வந்துன்னு கேட்டேன், பெறவு பால் கெடையாது, கேட்டியா" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் சாயா ஓடுவதே அந்தப் பாலை நம்பித்தான். ஆகவே மாமி மாமியாகவே இருக்கட்டும்.

மாமிக்குப் பொரியைப் பிடிக்காது. இதை மறைத்துவிட்டு நன்றி எழுதினால் அது பொய்யாகிவிடும். கினிப்பன்றி என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு அது எலிதான். அதுவும் வெறும் எலி இல்லை, "சவத்து எலி". "ஊர்ல எல்லாரும் எலிக்கு விஷம் வைப்பாவ. நீ என்னன்னா மெத்த விரிச்சுப் போட்டிருக்க" என்பார். திருவனந்தபுரத்தில் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்யப் போகிறோம் என்று அம்மா சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எலிக்கு ஆப்பரேசனா? அந்த ரூவாய்க்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கலாமே பிள்ளே." மாடு வளர்த்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவர் கணக்கில் தப்புச் சொல்ல எனக்கு வாயில்லை.

ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடு தொடங்கியது. பொரி தின்ன மறுத்துவிட்டாள். நாய், பூனை என்றால் ஒரு நாள் பட்டினி கிடந்தாலும் தேறிவிடும். கினிப்பன்றிக்கு வயிறு காலியாகவே கூடாது. அதற்கு வாந்தி எடுக்க முடியாது என்பதால் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால்கூடப் பட்டினி போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு பகல் முழுக்க ஒன்றும் உள்ளே போகாவிட்டால் குடலே ஓட்டத்தை நிறுத்திவிடும். கல்லுக்குத் தப்பியவள் வயிற்றுக்குத் தப்பாமல் போவாளோ என்ற பயம். தீவனத்தைக் கரைத்து சிரிஞ்சில் ஏற்றி, கடைவாய் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டோம். பாதியைத் துப்பினாள். வரவழைத்து வைத்திருந்த உலர்புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு மூலைக்குப் போய் முதுகைக் கூனிக்கொண்டாள். முடியெல்லாம் சிலிர்த்து நின்றது. வலியில் பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டது.

அந்த நேரத்தில்தான் மாமி பாலோடு வந்தார். நான் தரையில் சிரிஞ்சும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக ஏதாவது ஒரு கிண்டல் வரும். அன்றைக்கு வரவில்லை. பாலை ஊற்றிவிட்டு, கூண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்து கேட்டைத் திறக்கப் போனால், கொண்டியில் ஒரு வாழையிலைப் பொட்டலம், வாழைநாரால் கட்டித் தொங்குகிறது. அவிழ்த்தால் புல். பச்சை அருகம்புல்லும், பெயர் தெரியாத ஒரு மெல்லிய புல்லும். கட்டில் ஒரு வேர் இல்லை, ஒட்டின மண் இல்லை. சானல் என்று நாங்கள் சொல்லும் கால்வாயின் கரைப் புல்லில் தொட்டாவாடி முள் கலக்காமல் இருக்கவே இருக்காது, அதில் ஒரு முள் இல்லை. மாட்டுக்கு ஆகாத கம்யூனிஸ்ட் பச்சை என்ற களையின் இலை ஒன்றுகூட இல்லை. ராத்திரி முழுக்கச் சாரல் பெய்திருந்தது. புல் மட்டும் ஈரமில்லாமல் இருந்தது.

பொரியின் முன்னால் ஒரு இணுக்கைப் போட்டேன். மூக்கு அசைந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். நுனியைக் கவ்வினாள், அப்புறம் தையல் மிஷினுக்குள் துணி போவது மாதிரி அந்தப் புல் ஒரே சீராக உள்ளே போனது. முதல் இணுக்கு முடிந்து அடுத்ததைத் தேடித் தலையைத் தூக்கினாள். அம்மா அடுக்களைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

யார் வைத்தது என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. பாத்திரத்தோடு தொழுவத்துக்கே போனேன். மாமி கல்லில் உட்கார்ந்து, பன்னருவாளைக் கால் பக்கத்தில் சாய்த்துவிட்டு, மடியில் புல்லைப் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பிடியையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். ரப்பர் தோட்டத்து ஓரத்தில் களைக்கொல்லி அடிக்கிறார்கள், அந்த மருந்துவாடை ஒட்டியிருந்தால் மாட்டுக்கே போடமாட்டார். இதற்காகவே சானலின் அக்கரையில், ரப்பர் இல்லாத பக்கமாகப் போய் அறுத்திருக்கிறார். முந்தின சாயங்காலமே அறுத்து, தொழுவத்துப் பரணில் விரித்து ஈரம் போக்கியிருக்கிறார்.

"மாட்டுக்குக்கூட இப்படி ஆயமாட்டீங்களே மாமி" என்றேன்.

"மாடு நாலு வயித்துல போட்டு அரைச்சுக்கிடும். இந்தச் சவத்துக்கு எத்தன வயிறு?"

"ஒண்ணுதான் மாமி."

"பின்ன என்ன? நல்ல புல்லா வேண்டாமா?"

இதைப் பெரிய டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மாமி சரியாகத்தான் செய்கிறார் என்றார். பச்சைப் புல்லில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் உள்ளே போகப் போக மூத்திரம் நீர்த்து, சுண்ணாம்புச் சத்து படியாமல் வெளியே போகும். நம் உடம்பு தேவைக்குமேல் கால்சியத்தை இரத்தத்துக்குள் விடாது. கினிப்பன்றிக்கு அந்தத் தடை இல்லை. தின்றதிலிருந்து தாராளமாக உறிஞ்சிவிட்டு மிச்சத்தை மூத்திரத்தில் கொட்டும். முருங்கைக்கீரையும் குதிரைமசாலும் இனி வேண்டாம் என்று அவர் சொன்னது அதனால்தான். போதாததற்கு, சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும் பல் அதற்கு. புல்லை மென்றால்தான் தேயும்.

எடுத்த கல்லைச் சோதனைக்கு அனுப்பியதில் கால்சியம் கார்பனேட் என்று வந்தது. மாமியிடம் சொன்னேன், கடற்கரையில் கிடக்கிற சிப்பியும் இதே பொருள்தான், அதைச் சுட்டுத்தான் நீங்கள் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு கிடைக்கிறது என்று. மாமி வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு யோசித்தார்.

"அப்போ எலி வெத்தல போட்டிருக்கு."

அத்தனை நாளுக்குப் பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பொட்டலம் தொடர்ந்து வந்தது. மழை கொட்டின காலையிலும் வந்தது, மாமிக்கு முட்டுவலி அதிகமாக இருந்த அன்று பேரன் கையில் வந்தது. காசு கொடுக்கப் போய் நன்றாக ஏச்சு வாங்கினேன். கேட்டைத் தாண்டும்போது உள்ளே வராமல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "மோண்டுச்சா?" நாளாக ஆக எங்கள் தெருவில் அது ஒரு வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. பேப்பர் போடும் பையன்கூட சைக்கிளை நிறுத்திக் கேட்டுவிட்டுத்தான் போவான். அம்மா மாடியிலிருந்தே "மோண்டா, மோண்டா, சிவப்பு இல்ல" என்று பதில் சொல்வார். புதிதாக யாராவது கேட்டால் என்ன நினைப்பார்களோ.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். "இவ்வளவு சின்ன உடம்புக்கு மயக்கம் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை" என்று நேர்மையாகச் சொல்லி, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிந்த கல்லைக் காட்டி, தாமதிக்காமல் திருவனந்தபுரத்துக்கு அவரே பேசி ஏற்பாடு செய்த நம்மூர் டாக்டர். தெரியாது என்று சொல்லும் டாக்டரை நான் இனி கைவிடவே மாட்டேன். அங்கே அறுவை செய்தவரும், மயக்கம் தெளியும்வரை வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்திருந்த நர்ஸ் சேச்சியும். மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று அந்த ரோட்டில் ஒரு பள்ளத்திலும் கூடை குலுங்காமல் ஓட்டிய டிரைவர் அண்ணன். எல்லை தாண்டியதும் நெய்யாற்றின்கரையில் நிறுத்தி எனக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்துக் குடிக்க வைத்தவரும் அவர்தான். கேக் செய்து விற்கிற அக்கா, தன் டிஜிட்டல் தராசையே கொடுத்துவிட்டார். தினமும் கிராம் கணக்கில் எடை பார்த்தால்தான் இளைப்பது முன்கூட்டியே தெரியும். அதுவரை அவர் மைதாவைக் கண்ணளவில் போட்டாராம். கேக் வாங்கியவர்கள் பொறுத்துக்கொள்ளவும். கொய்யாவும் குடைமிளகாயும் கொண்டுவந்து குவித்த சித்தி வீட்டாருக்கும் நன்றி. நம்மைப் போலவே இந்தப் பிராணிக்கும் வைட்டமின் சி உடம்பில் தானாக உண்டாகாது.

மருந்துக்கடைத் தம்பிக்கு மட்டும் தனியாக ஒரு வரி. ஒரு மில்லி சிரிஞ்சுகளில் ஊசியைக் கழற்றி, டாக்டர் சொன்ன அளவில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார். ஒரு சொந்தக்காரர் பாசத்தில், வீட்டில் மீந்திருந்த அமாக்சிசிலினைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று கடையில் வைத்துக் கேட்டபோது, கல்லாவிலிருந்து எழுந்தே வந்து தடுத்தவர் அவர். பென்சிலின் வகை மருந்து வாய்வழியாகப் போனால் கினிப்பன்றியின் குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் அழிந்து உயிருக்கே ஆபத்தாகும். டாக்டரும் அதையே சொன்னார். வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிராணி வளர்ப்பவர்கள் எனக்கு உதவினார்கள், அவர்களுக்கு என் வலி தெரியும். மாமிக்கு அது தெரியாது. இப்போதும் அவருக்கு இது வீண் செலவு, கிறுக்குத்தனம். அந்த அபிப்பிராயத்தில் இம்மியும் மாற்றமில்லை. அபிப்பிராயத்தை அப்படியே வைத்துக்கொண்டு, முட்டுவலியோடு சானலைச் சுற்றி அக்கரைக்குப் போய்ப் புல் அறுத்திருக்கிறார். ஒருவர் அழுவது நமக்குப் புரிய வேண்டும் என்றுகூட இல்லை போலிருக்கிறது. ஏன் மாமி என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"எலிக்கு வேண்டியாக்கும் கொண்டு வந்தேன்னு நெனச்சியா? உனக்க அம்மைக்கு வேண்டியாக்கும். எலி திங்காட்டா நீ திங்க மாட்ட, நீ திங்காட்டா அவ திங்க மாட்டா. பெறவு எனக்க பால யாரு வாங்குவா?"

நம்பவில்லை. நம்பியது மாதிரி தலையாட்டினேன்.

கல் திரும்ப வரக்கூடியதுதான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். வந்தால் பார்ப்போம். தராசு, தண்ணீர்ப் பாட்டில், அவ்வப்போது ஒரு ஸ்கேன் என்று இனி எங்கள் வாழ்க்கை போகும். அதற்கு நடுவில் ஒரு காரியம் முடிவு செய்திருக்கிறேன். மாமியின் செவலை சினையாக இருக்கிறாள், ஆவணியில் ஈனும் என்கிறார்கள். தொழுவத்தில் ராத்திரி கூட முழித்திருக்க ஒரு ஆள் வேண்டும். மாமி கூப்பிட மாட்டார். நான் பாயோடு போகப் போகிறேன். எனக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, டார்ச் பிடிக்கத் தெரியும்.

தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் யாராவது கினிப்பன்றி வளர்த்து, அது ஒண்ணுக்குப் போகும்போது கத்தினாலோ, துணியில் சிவப்புப் பட்டாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். கூப்பிடுங்கள். டாக்டர்களின் நம்பர் தருகிறேன், கோடு போட்ட சிரிஞ்சுகள் மீதி இருக்கின்றன, சிரிஞ்சில் எப்படி ஊட்டுவது என்று நேரில் வந்து காட்டுகிறேன். புல்லுக்கு மட்டும் என்னால் வாக்குத் தர முடியாது. அதை மாமியிடம்தான் கேட்க வேண்டும், அவர் முதலில் ஏசுவார்.

அன்புடன்,
பொரி வீட்டுக்காரி
தக்கலை