நூறு சொட்டுக் கணக்கு

அன்பு செல்வி,

உன் கடிதம் வந்தது. ஊட்டிக் குளிரில் அசிட்டிக் அமிலப் புட்டி கல்லாக இறுகிக் கிடக்கிறது, வீசிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வீசிவிடாதே, அது கெடவில்லை. நீர் சேராத அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் புட்டியை நிறுத்து. பர்னர் பக்கம் மட்டும் கொண்டுபோகாதே, ஆவி தீப்பிடிக்கும். முழுக்க உருகிய பிறகு அளந்து எடு. நீர் கலந்த பகுதிதான் முதலில் உருகும் என்பதால், பாதி உருகியதும் அவசரப்பட்டு எடுத்தால் செறிவு குறைந்துவிடும்.

அடுத்தது தாங்கல் கரைசல் (பஃபர்), அதாவது அமிலமோ காரமோ கொஞ்சம் சேர்ந்தாலும் பி.எச். என்ற அமில-கார அளவு அதிகம் மாறாத கரைசல். 'பி.எச். மாறாது' என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். நாம் காட்டுவது அப்படி இருக்கிறது, அவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு சொட்டு அமிலம் விட்டு, யுனிவர்சல் இண்டிகேட்டர் தாளை நனைத்து, 'பாருங்கள், நிறம் மாறவில்லை' என்று முடித்துவிடுகிறோம். தாளின் நிறப்படி ஒன்றுக்கு ஒன்று. 0.2 மாறினால் அதில் எப்படித் தெரியும்? தாங்கல் தோற்கும் இடம் வரை கொண்டுபோய்க் காட்டினால்தான் அது எதைத் தாங்கியது என்பது புரியும்.

அதற்கு மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியே போதும், அமிலம் கூடினால் மஞ்சளிலிருந்து சிவப்பாகும். 5.7 மி.லி. அசிட்டிக் அமிலத்தை ஒரு லிட்டராக்கு. படிக நீருள்ள சோடியம் அசிட்டேட் 13.6 கிராமைத் தனியாக ஒரு லிட்டராக்கு. இரண்டும் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்). ஒவ்வொன்றிலும் 50 மி.லி. எடுத்து ஒரு பீக்கரில் சேர். இன்னொன்றில் 100 மி.லி. வாலை வடிநீர். இரண்டிலும் மும்மூன்று சொட்டு மெத்தில் ஆரஞ்சு விட்டால் இரண்டுமே மஞ்சளாக இருக்கும். பிறகு 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடு. (அடர் அமிலம் 8.6 மி.லி.யை நீரில் ஊற்றி 100 மி.லி. ஆக்கினால் போதும். நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, புதிதாக வந்திருக்கும் உதவியாளருக்குச் சொல்.)

வடிநீர் இரண்டே சொட்டில் சிவந்துவிடும். தாங்கல் கரைசலில் 20 சொட்டு, அதாவது 1 மி.லி., விட்ட பிறகும் பி.எச். 4.76இலிருந்து 4.58க்குத்தான் வரும். 2 மி.லி.யில் 4.39, 3 மி.லி.யில் 4.16, மஞ்சள் லேசாக மங்கும். 4 மி.லி.யில் 3.81, ஆரஞ்சு. ஐந்தாவது மி.லி. முடியும்போது 2.9க்குச் சரிந்து சிவப்பாகிவிடும். முதலில் இருந்த அசிட்டேட் 5 மில்லிமோல், நாம் விட்ட அமிலமும் 5 மில்லிமோல். கையிருப்பு தீர்ந்தது, கடை மூடியது. ஹென்டர்சன் சமன்பாட்டை (பி.எச். = பி.கே.ஏ. + மடக்கை [உப்பு/அமிலம்]; பி.கே.ஏ. அந்தந்த அமிலத்துக்கே உரிய எண், அசிட்டிக் அமிலத்துக்கு 4.76) இந்த எண்களோடு சேர்த்துக் கரும்பலகையில் போட்டால் மடக்கைக்குள் எது மேலே, எது கீழே என்ற குழப்பமும் தீரும்: அசிட்டேட் குறையக் குறைய பி.எச். இறங்க வேண்டும், எனவே உப்புதான் மேலே.

கார வழியிலும் இதே கணக்குதான். பினாப்தலீன் என்ற நிறங்காட்டியை விட்டு 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால், வடிநீர் ஒரு சொட்டிலேயே இளஞ்சிவப்பாகும். தாங்கலுக்கு ஏறக்குறைய நூறு சொட்டு வேண்டும்.

எங்கே தவறும் என்றால், முதலில் சோடியம் அசிட்டேட் லேபிளில். நீரற்றது என்றால் 8.2 கிராம், மூன்று மூலக்கூறு நீருடன் என்றால் 13.6. படிக உப்பை 8.2 கிராம் நிறுத்துவிட்டால் பி.எச். 4.54இல் தொடங்கி, அறுபது சொட்டிலேயே தாங்கல் தீர்ந்துவிடும். உப்புப் புட்டி நம்பிக்கையாக இல்லையென்றால் அதை விட்டுவிடு. 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 100 மி.லி.யில் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. ஊற்று. பாதி அமிலம் அசிட்டேட்டாகி அதே தாங்கல் கிடைக்கும், சொட்டுக் கணக்கும் மாறாது. 100 மி.லி. ஊற்றிவிட்டால் அமிலமே மிஞ்சாது, வெறும் உப்புக் கரைசல்தான்.

இரண்டாவது தவறு, வடிநீருக்குப் பதில் போர் தண்ணீர். அதில் உள்ள பைகார்பனேட்டே அமிலத்தை விழுங்கும். காரத்தன்மை லிட்டருக்கு 300 மி.கி. என்றால், 100 மி.லி. தண்ணீர் பத்துப் பன்னிரண்டு சொட்டு தாங்கும். ஊட்டியில் இந்தத் தொல்லை குறைவாக இருக்கலாம், சமவெளியில் எங்களுக்கு இது நிச்சயம்.

பைகார்பனேட் என்றதும் உன் மாணவி கேட்ட கேள்வி நினைவுக்கு வருகிறது. நல்ல கேள்வி. பி.கே.ஏ. 6.1 உள்ள தாங்கல், இரத்தத்தின் 7.4ஐ எப்படிக் காக்கும், பி.எச். பி.கே.ஏ.விலிருந்து ஒன்றுக்கு மேல் விலகினால் திறன் போய்விடும் என்றுதானே பாடம்? பீக்கரில் அப்படித்தான். உடலில் பைகார்பனேட்டுக்கும் கரைந்த கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம் 20:1. அமிலம் சேர்ந்து உண்டாகும் வாயுவை நுரையீரல் வெளியேற்றிவிடுகிறது, செலவான பைகார்பனேட்டைச் சிறுநீரகம் ஈடுகட்டுகிறது. மூடிய பாத்திரத்துக்கான விதியைத் திறந்த அமைப்புக்குப் போட்டதுதான் குழப்பம்.

இங்கே ஒரு செய்தி: பி.எச். மீட்டர் பிழைத்துக்கொண்டது. மின்முனையை யாரோ மாதக்கணக்கில் வடிநீரில் வைத்திருந்தார்கள். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில், அதாவது 100 மி.லி.க்கு 22.4 கிராம், ஒரு இரவு ஊறவைத்ததும் எண் அலைவது நின்றது. பி.எச். 4, 7 ஆகிய இரண்டு தாங்கல்களிலும் சரிபார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன்.

வகுப்புக்கு முன்னால் உன் சொட்டுக் குழாயில் 1 மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று எண்ணிக்கொள். நான் 20 என்று வைத்துத்தான் மேலே எழுதியிருக்கிறேன். குழாய்க்குக் குழாய் அது மாறும்.

அன்புடன்,
மலர்