பெட்டியை மாற்றுமுன் பொது வயரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் புல்தரைக்கு ஆறு வலயத் தெளிப்பான்கள் உண்டு. சென்ற மாதம் கடைசி மூன்று வலயங்களும் ஒரேயடியாக நின்றுவிட்டன. பார்க்க வந்தவர், கட்டுப்பாட்டுப் பெட்டி பழுது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருடம் வயரிங் வேலை செய்த எனக்கு அது சரியாகப் படவில்லை.

பெட்டியிலிருந்து ஒவ்வொரு வலயத்தின் வால்வுக்கும் தனி வயர் போகும். எல்லாவற்றுக்கும் பொது வயர் ஒன்றுதான்; அது வால்வுக்கு வால்வு தொட்டுக்கொண்டு போகும். ஓடுவது 24 வோல்ட் ஆடலோட்டம். ஒரு வலயம் நின்றால் அதன் வயரையோ வால்வைத் திறக்கும் மின்சுருளையோ பார்க்கலாம். அடுத்தடுத்து மூன்று நின்றால் முதலில் பொது வயரைத்தான் சந்தேகிக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, வயர்களைக் கழற்றி மல்ட்டிமீட்டர் வைத்தேன். முதல் மூன்றும் 28 ஓம் அளவில் காட்டின. மற்றவற்றில் தொடர்பே இல்லை.

அப்புறம் மூன்றாம் வால்வுக் குழியைத் திறந்தேன். பொது வயரின் இணைப்பு சேற்றுத் தண்ணீருக்குள் கிடந்தது. சுற்றியிருந்தது சாதாரண டேப். பிரித்ததும் செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. வெட்டிச் சுத்தம் செய்து, கிரீஸ் அடைத்த நீர்புகா கனெக்டர் போட்டேன். ஆறும் ஓடுகின்றன, பழைய பெட்டியிலேயே.

கொழும்பு மழைக்கு மண்ணுக்குள் டேப் தாங்காது. தொடர்மாடி நிர்வாகக் குழுக்கள் பெட்டிக்குப் பணம் கட்டுமுன் மீட்டர் அளவைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஓய்வுபெற்ற மின்வேலையாளர்,
வெள்ளவத்தை.