போஸ்கோவிச் சாமிக்கு, குவிமாடத்து விரிசல் பற்றி

வணக்கம் சாமி,

வீரமாமுனிவரும் நீங்களும் ஒரே சேசு சபைக்காரர்கள். அதனால் எங்கள் ஊர் வழக்கப்படி சாமி என்றே எழுதுகிறோம்.

குரோவேசியா 1991இல் அச்சடித்த தினார் நோட்டில் உங்கள் முகம் இருந்தது. ஜாக்ரெப்பில் உங்கள் பெயரில் ஆய்வு நிறுவனம் இருக்கிறது, நிலாவில் ஒரு பள்ளமும் இருக்கிறது. எல்லாம் வானியலுக்கும் அணுக் கொள்கைக்கும் கிடைத்த மரியாதை. பழைய கட்டடங்களின் விரிசலைப் படித்துப் பிழைக்கும் எங்களைப் போன்ற ஸ்ட்ரக்சுரல் பொறியாளர்களுக்கு உங்களோடு வேறு உறவு உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

உங்கள் அப்பா நிகோலா, ஹெர்செகோவினாவின் ஒரு சிறு கிராமத்தை விட்டு டுப்ரோவ்னிக்கில் குடியேறிய வியாபாரி. அம்மா வழியினர் இத்தாலியின் பெர்கமோவிலிருந்து வந்தவர்கள். 1711இல் பிறந்த நீங்கள் 14 வயதில் ரோமுக்குப் புறப்பட்டீர்கள். 1742இல், புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் விழுந்துவிடுமோ என்று ஊரே பயந்தபோது, திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அதைப் பார்த்துச் சொல்லும் வேலையை மூன்று கணித அறிஞர்களிடம் ஒப்படைத்தார்: லெ சூர், ஜாக்கியே, நீங்கள்.

விரிசல் ஏன் வந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. அரைக்கோள ஓடு தன் எடையைத் தானே சுமக்கும்போது, உச்சியிலிருந்து ஏறத்தாழ 52 பாகை வரை சுற்றுவட்டத்தில் அமுக்கம். அதற்குக் கீழே இழுவை. செங்கல்லும் காரையும் அமுக்கத்துக்கு அஞ்சாது, இழுவைக்கு நிற்காது. ஆகவே அடியிலிருந்து மேல்நோக்கி நெடுக்கு விரிசல்கள் ஓடி, குவிமாடம் ஆரஞ்சுச் சுளைகளாகப் பிரிகிறது. எதிரெதிர்ச் சுளைகள் இரண்டும் சேர்ந்து ஒரு வளைவுபோல நின்று, குவிமாடத்தைத் தாங்கும் உருளை வடிவ டிரம் சுவரை வெளியே தள்ளுகின்றன. உள் விட்டம் சுமார் 42 மீட்டர், இரட்டை ஓடு, தலையில் லாந்தர் எனப்படும் கனமான கல் மாடம் வேறு. 1590 வாக்கில் கட்டி முடித்தவர்கள் வைத்த இரும்பு வளையங்கள் இந்தத் தள்ளலுக்குப் போதவில்லை.

நீங்கள் மூவரும் செய்த புதுமை இதற்கு அடுத்த படியில்தான். வடிவ விகிதத்தை வைத்து ‘இது நிற்கும், இது நிற்காது’ என்று சொல்வதுதான் அதுவரை வழக்கம். நீங்களோ குவிமாடத்தை அசையும் எந்திரமாக எடுத்துக்கொண்டீர்கள். டிரம் சுவரும் முட்டுத் தூண்களும் வெளி விளிம்பை ஊன்றிச் சாய்கின்றன. லாந்தரும் ஓடும் இறங்குகின்றன. வளையங்கள் நீள்கின்றன. இறங்கும் எடை செய்யும் வேலையை ஒரு தட்டிலும், வளையத்தை நீட்டவும் முட்டுகளைத் தூக்கவும் ஆகும் வேலையை மறுதட்டிலும் வைத்தீர்கள். இன்று கல்லூரியில் ‘வர்ச்சுவல் ஒர்க்’ என்று நடத்துவது இதைத்தான். இரும்பின் வலுவுக்கு டச்சு இயற்பியலாளர் முஷன்ப்ரூக்கின் சோதனை எண்களை எடுத்துக்கொண்டீர்கள். தள்ளலை எதிர்க்கும் வலுவில் பற்றாக்குறை 32 லட்சம் ரோமானியப் பவுண்டுக்கு மேல் என்று வந்தது. இன்றைய அளவில் சுமார் 1,100 டன்.

இந்த எண்ணைப் பார்த்து மிரள்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். சுவர் ஒரு மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தால் வளையத்தின் சுற்றளவு 6.28 மில்லிமீட்டர் நீளும். அதனால் சுற்றிலும் சேர்ந்த 1,100 டன் தள்ளலை அடக்க, வளையங்களில் மொத்தம் 175 டன் இழுவிசை போதும். தேனிரும்புக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 1 டன் என்று வைத்தால் 175 சதுர சென்டிமீட்டர் இரும்பு. ஐந்து வளையத்துக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 6 சென்டிமீட்டர் சதுரக் கம்பி. கொல்லர் பட்டறைக்கு எட்டாத வேலை அல்ல.

ரோமில் உங்களை ஏளனம் செய்தார்கள். மைக்கலாஞ்சலோ கணிதம் படிக்காமலே வடிவமைத்ததைக் கணிதக்காரர்கள் இல்லாமலே பழுதுபார்க்கலாம் என்றார்கள். அந்தக் கேலியில் சத்து இல்லை. ஆனால் இன்னொரு கேள்வி நியாயமானது: அத்தனை டன் குறை இருந்தால் குவிமாடம் ஏன் இன்னும் விழவில்லை? கோளாறு பெருக்கலில் இல்லை, நீங்கள் ஊகித்த அசைவில் இருந்தது. டிரம் சுவர் நீங்கள் சொன்னபடி கவிழ்ந்துகொண்டிருக்கவில்லை. இயங்குமுறையை ஊகித்துப் போடும் எந்தக் கணக்குக்கும் இந்த ஆபத்து உண்டு. ஊகம் பிசகினால் விடையும் பிசகும்.

1743இல் பாதுவாவிலிருந்து அழைக்கப்பட்ட கணிதப் பேராசிரியர் பொலேனி எதிர்த்திசையில் போனார். குவிமாடத்தை 50 சுளைகளாகப் பிரித்து, எதிரெதிர்ச் சுளை இரண்டின் எடையை 32 குண்டுகளாக ஒரு நூலில் கோத்துத் தொங்கவிட்டார். தொங்கிய வளைவைத் தலைகீழாகத் திருப்பினால் அது ஓட்டின் கனத்துக்குள்ளேயே அடங்கியது. அப்படி அடங்கும் பாதை ஒன்று கிடைத்தாலே போதும், குவிமாடம் நிற்கும். எங்கள் கணக்கில் பொலேனியின் வழிதான் பத்திரமானது. ஆனாலும் வளையம் போடுவதில் அவர் உங்களோடு உடன்பட்டார். 1743–44இல் ஐந்து வளையங்கள் ஏறின. வேலையை நடத்தியவர் கட்டடக் கலைஞர் வன்விதெல்லி.

வளையம் போடுவதோடு வேலை முடிவதில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். 150 மீட்டர் சுற்றுள்ள இரும்பு 20 பாகை செல்சியஸ் வெப்ப வேறுபாட்டில் 36 மில்லிமீட்டர் நீளும். கொத்துவேலை அதில் ஏறக்குறையப் பாதிதான் நீளும். கோடையில் வளையம் தளர்கிறது, குளிரில் இறுகுகிறது. காரைக்குள் ஈரம் புகுந்தால் துரு பருத்துக் கல்லையே பிளக்கும். எல்லாவற்றையும்விட மோசம், பட்டறையில் காய்ச்சி அடித்து ஒட்டிய இணைப்பு: வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே பாதிதான் பிடித்திருக்கும்.

1747இல் பழைய வளையம் ஒன்று அறுந்து கிடப்பது தெரியவந்தது. அதைச் சரிசெய்து, 1748இல் ஆறாவதாக ஒன்றும் போட்டார்கள். உங்கள் கணக்கில், பழைய வளையங்களின் வலுவை எதிர்ப்புப் பக்கத்தில் சேர்த்திருந்தீர்கள் சாமி.

இப்படிக்கு,
விரிசல் பார்க்கும் சிலர்